பலகை இல்லாத தெருமுனை

கேள்வி: ‘நோ பார்க்கிங்’ பலகையே இல்லாத தெருமுனையில் காரை நிறுத்தியதற்கு அபராதம் விதித்துவிட்டார்கள். இது முறையா? (வாசகர், மதுரை)

பதில்: முறைதான். பலகை இருந்தால்தான் தடை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள், சாலைச் சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டர் வரை வாகனம் நிறுத்துவதைத் தடை செய்கின்றன. முனையில் நிற்கும் ஒரு கார், குறுக்குத் தெருவிலிருந்து வரும் இருசக்கர வாகனக்காரரின் பார்வையை அடியோடு மறைத்துவிடுவதால், அவர் முன்சக்கரத்தைப் பிரதான சாலைக்குள் நீட்டிய பிறகே எதிரே வரும் பேருந்தைக் காண நேர்கிறது. நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், பேருந்து நிறுத்தத்தின் அருகு, பிறர் வீட்டு வாயில், ஏற்கெனவே நிற்கும் வாகனத்தின் பக்கவாட்டு ஆகியவற்றுக்கும் பலகை தேவையில்லை. (“ஐந்தே நிமிடம்தான்” என்பது சட்டத்தில் இல்லாத விலக்கு!)

மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் 1,500 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லச் சீருடையிலுள்ள காவல் அலுவலர் உத்தரவிடவும் 127-ஆவது பிரிவு இடமளிக்கிறது. அந்தச் செலவும் உரிமையாளர் தலையில்தான் விழும்.

அனுமதிக்கப்பட்ட இடத்தில் நிறுத்தினாலும், பக்கக் கண்ணாடியில் பின்னால் வருபவரைப் பார்க்காமல் கதவைத் திறக்காதீர்கள்.