18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் செப்பு டோக்கன் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் விளிம்பைப் பாருங்கள். முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் அப்புறம்தான். டோக்கன் என்றால், அரசுக் காசுக்குப் பதிலாகத் தனியார் அடித்துப் புழங்கவிட்ட காசு.

1775க்குப் பிறகு அரசு செப்புச் சில்லறை அடிப்பது நின்றுபோனது. கூலி கொடுக்கக்கூடச் சில்லறை இல்லாத நிலையில், 1787இல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த பாரிஸ் சுரங்கக் கம்பெனி (பாரிஸ் என்பது அங்குள்ள மலையின் பெயர், பிரான்ஸ் நகரம் அல்ல) சொந்தச் செம்பில் பென்னி டோக்கன் அடித்தது. ஒருபுறம் ஓக் இலை மாலைக்குள் முக்காடிட்ட ட்ரூயிட் (பண்டைய கெல்டியப் பூசாரி) தலை, மறுபுறம் கம்பெனியின் முதலெழுத்துகள். ஆரம்பப் பென்னிகள் சுமார் 28 கிராம். அரசின் அரைப்பென்னி இரண்டைச் சேர்த்தாலும் 20 கிராம்தான் வரும். ஆனால் ஜனங்கள் நம்பி வாங்கியதற்கு எடை மட்டும் காரணமில்லை. கேட்டவுடன் லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கிள்சியில் பணம் தரப்படும் என்ற வாக்கு விளிம்பிலேயே பொறித்திருந்தது.

அந்த எழுத்தைக் காசு அடிக்கும் முன்பே, வெறும் செப்பு வில்லையை இரண்டு பட்டைகளுக்கு நடுவே உருட்டிப் பதித்துவிடுவார்கள். அதனால் எந்த விளிம்பும் எந்த அச்சோடும் சேர முடியும். சிக்கல் இங்கேதான். 1790களில் டோக்கன் சேர்க்கும் மோகம் பரவியதும், ஒன்றின் முன்பக்க அச்சையும் வேறொன்றின் பின்பக்க அச்சையும் இணைத்து, சேகரிப்பவர்களுக்கென்றே அடித்து விற்றார்கள். இவற்றுக்கு ‘மியூல்’ என்று பெயர். கடைவீதியையே பார்க்காதவை என்பதால் பளபளவென்று இருக்கும். என்னைக் கேட்டால், நாலு கை மாறித் தேய்ந்த காசுதான் உண்மையான சரக்கு.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து 1792 அரைப்பென்னியை எடுத்துக்கொள்ளுங்கள்; அவ்வூர்ப் பழங்கதையின் நாயகி கொடைவா சீமாட்டி அதில் இருக்கிறாள். குதிரைமேல் அவள், பின்பக்கம் கோட்டை சுமந்த யானை. விளிம்பில் ராபர்ட் ரெனால்ட்ஸ் கம்பெனியின் கிடங்கில் செலுத்தப்படும் என்றிருக்க வேண்டும். வேறு வாசகமோ வெறும் விளிம்போ இருந்தால் டோக்கன்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் டால்டன்–ஹேமர் பட்டியலில் எண் மாறும், விலையும் மாறும். அதில் எண்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் புதிதாகத் தொடங்கும், ஆகவே கோவென்ட்ரிக்கான மாவட்டமான வார்விக்ஷயர் என்பதையும் சேர்த்தே குறித்துவையுங்கள். விற்பவர் விளிம்புப் படம் போடவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கையில் வந்ததும், பக்கவாட்டு வெளிச்சத்தில் 10 மடங்கு லென்ஸ் வைத்து மெல்ல உருட்டினால் வாசகம் தெரியும்.

தயவுசெய்து புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, இங்கே பழுப்புப் படலம் போய்ச் சிவந்துவிடும், மதிப்பு திரும்பாது. பிவிசி பிளாஸ்டிக் உறையால் வந்த பிசுபிசுத்த பச்சைக்குச் சுத்தமான அசிட்டோன் போதும்: கண்ணாடிக் கிண்ணம், சில நிமிடம், தானாக உலரவிடவும். நெருப்பு பக்கத்தில் கூடாது. செம்பிலேயே ஊறிய களிம்பு அதற்கு அசையாது. அப்படிப்பட்டதை வாங்காமலிருப்பதே நல்லது.