கடைசி இடத்துக்காரர் அடுத்த வாரம் ஏன் வரவேண்டும்?

கேள்வி: வணக்கம் அண்ணா. கோத்தகிரியில் இருக்கிறேன், வயது 31. சின்னச் சின்ன பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு என் பைத்தியம். முக்கியமாக ‘வார்ஹேமர் 40,000’. கோத்தகிரி, குன்னூர், அருவங்காடு என்று தேடிப்பிடித்து எட்டுப் பேர் சேர்ந்தோம். போன வருஷம் ஆளுக்கு 2000 பாயின்ட் ஆர்மி என்று வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லீக் ஆரம்பித்தேன். நாலாவது வாரம் நாலு பேர்தான் மிச்சம். அருவங்காட்டு நண்பர் ஒருவரே எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தார். பெயின்ட் அடிக்காத ஆர்மியைச் சேர்க்கக் கூடாது என்கிறார் ஒருவர். சோடா மூடிகளை வீரர்களாக வைத்து ஆடும் கல்லூரிப் பையன்களைச் சேர்க்கக் கூடாது என்கிறார் இன்னொருவர். சுவருக்குப் பின்னால் நிற்கும் வீரன் கண்ணுக்குத் தெரிகிறானா இல்லையா என்று ஒருநாள் முக்கால் மணி நேரம் சண்டை நடந்து, குன்னூர்க்காரர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார். சண்டை சச்சரவு இல்லாமல் நட்பாக ஒரு லீக் நடத்தவே முடியாதா?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: நடத்தலாம் தம்பி. உங்கள் கடிதத்தில் ஜெயித்தவரைப் பற்றி இருக்கிறது, சண்டை போட்டவர்களைப் பற்றி இருக்கிறது. வராமல் போன நாலு பேர் ஏன் வரவில்லை என்பது மட்டும் இல்லை. என் பதில் முழுக்க அவர்களைப் பற்றியதுதான். எட்டுப் பேர் ஆடினால் முதலிடம் ஒருவருக்கு. மற்ற ஏழு பேரும் எங்கோ ஓரிடத்தில் தோற்கத்தான் போகிறார்கள். தோற்றவர் அடுத்த ஞாயிறு எதற்காக ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பவேண்டும்? அதற்குப் பதில் வைத்திருக்கும் லீக்தான் நிலைக்கும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குப் பாயசம் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற பெரியப்பாவின் வேலைதான் உங்களுடையதும்.

இந்த விளையாட்டைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விரல் உயரத்துக்கும் குறைவான வீரர்களை வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்து, மேசையில் நிறுத்துவார்கள். இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்துவார்கள். சுட்டது பட்டதா என்பதை டைஸ் சொல்லும். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் இத்தனை பாயின்ட் என்று ஒரு விலை உண்டு, இருவரும் சம விலைக்குப் படை கொண்டுவருவார்கள். வார்ஹேமர் இங்கிலாந்தில் 1983 இல் வந்தது. நம் வாசகர் ஆடும் 40,000 என்ற வகை 1987 இல்.

சரி, இப்போது உங்கள் 2000 பாயின்ட். பெரிய போட்டிகளில் அதுதான் வழக்கம், மறுக்கவில்லை. ஆனால் கை பழகியவர்களுக்கே மூன்று மணி நேரம் பிடிக்கிற ஆட்டம் அது. புதியவர் ஒவ்வொரு அடிக்கும் புத்தகத்தைப் புரட்டுவார், பொழுது சாய்ந்துவிடும். அத்தனை பொம்மையையும் வாங்கிச் சேர்ப்பதற்குள் கல்லூரிப் பையனின் படிப்பே முடிந்துவிடும். முதல் மூன்று சுற்றை 500 பாயின்ட்டில் ஆடுங்கள். அடுத்த இரண்டு 750, கடைசி இரண்டு 1000. ஆர்மி மெல்ல வளரும், வாங்குகிற செலவும் மாதங்களில் பரவிக்கொள்ளும், ஆட்டமும் டீ நேரத்துக்குள் முடியும். மேசையும் பெரிதாக வேண்டாம். ‘காம்பட் பேட்ரோல்’ என்ற சிறிய வகைக்கு 44 அங்குலத்துக்கு 30 அங்குலம் போதும். ‘கில் டீம்’ இன்னும் சிறிது: 30க்கு 22.

அடுத்தது லீக்கின் புள்ளிக் கணக்கு. லீக்கின் குணத்தை முடிவு செய்வது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். வெற்றிக்கு 3, தோல்விக்கு 0 என்று நீங்கள் வைத்திருந்தீர்கள் என்றால் ஆச்சரியப்பட மாட்டேன். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதில் மூன்று ஆட்டம் தோற்றவருக்கு நாலாவது வாரம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். மாற்றிப் பாருங்கள்: வெற்றிக்கு 3, சமனுக்கு 2, தோற்றாலும் ஆடி முடித்ததற்கு 1. அதோடு, அந்தச் சுற்றுக்குப் புதிதாக ஒரு பொம்மைக்காவது பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தால் இன்னொரு 1. எட்டுப் பேர் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஒருமுறை ஆடினால் ஏழு சுற்று, மொத்தம் 28 ஆட்டம். ஏழு ஆட்டமும் தோற்றுவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொம்மையைப் பெயின்ட் அடித்து வந்தவர் 14 புள்ளியில் நிற்பார். முதல் நாலையும் ஜெயித்துவிட்டுப் பெயின்டும் அடிக்காமல் காணாமல் போனவருக்கு 12. வந்து தோற்றவர், வராமல் போன வெற்றியாளருக்கு மேலே! அருவங்காட்டு நண்பர் எல்லாவற்றையும் ஜெயித்து, பெயின்டும் அடித்து 28 வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

சுற்றுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். அதற்குள் அந்த இருவரும் பேசி, எந்த நாள் தோதோ அன்று ஆடிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமைதான் ஆட வேண்டும் என்று கட்டிப்போட்டால் ஒரு காதுகுத்து, ஒரு ஓவர்டைம் ஷிஃப்ட் போதும், அட்டவணை குலைந்துவிடும். யாராவது நடுவில் விலகி எண்ணிக்கை ஏழாகிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சும்மா இருக்க நேரும். அவரோடு ஆட ஒரு ஆளைக் கணக்கில் சேராத விருந்தாளியாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த ஆள் நீங்களாகவே இருங்கள். அமைப்பாளர் பட்டியலில் முதலிடத்துக்குப் போட்டியிடாத லீக்கில் சந்தேகப் பேச்சு குறைவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஜெயித்துக்கொண்டே இருக்கும் நண்பரைப் பற்றி. அவர்மேல் எந்தத் தவறும் இல்லை; நன்றாக ஆடுகிறார், அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் ‘கொஞ்சம் விட்டுக்கொடுங்க’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். விட்டுக்கொடுத்து வாங்கிய வெற்றி வாங்கியவருக்கும் கசக்கும். தனியாக டீ குடிக்கக் கூப்பிட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அவர் இதுவரை தொடாத, பலம் குறைந்தது என்று ஊரே சொல்லும் படையை எடுத்து இந்த லீக்கை ஆடுவாரா? கெட்டிக்காரர்களுக்கு இந்தச் சவால் பெரும்பாலும் பிடிக்கும். இரண்டு, 2000 பாயின்ட் வைத்திருப்பவரிடம் லீக்குக்கு வேண்டிய 500 போக நிறைய மிச்சம் இருக்கும். அதைப் பையன்களுக்கு இரவல் தருவாரா? தன் பொம்மைகளே தன்னை எதிர்த்து நிற்பதைப் பார்த்தால் எதிரிக்கு யோசனை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. புதியவர் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி அந்த முக்கால் மணி நேரச் சண்டை. உங்கள் மாவட்டத்துக்கே இதில் ஒரு பூர்வ கதை இருக்கிறது. ஸ்னூக்கர் என்ற ஆட்டத்தை 1875 இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் பொழுதுபோகாமல் உண்டாக்கினார்கள். அதற்குக் காரணமான நெவில் சேம்பர்லின் (பிற்காலத்து பிரிட்டிஷ் பிரதமர் அல்ல, இவர் ராணுவக்காரர்) பிறகு ஊட்டிக்கு வந்தார். 1880களில் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஆட்ட விதிகளை எழுதி மாட்டினார்கள். அதுவரை ஆளுக்கொரு விதமாக ஆடியதற்கு எழுத்தில் ஒரு வடிவம் கிடைத்தது அங்கேதான். நீங்களும் ஒரே ஒரு தாளில் எழுதி, ஆடும் அறையில் மாட்டுங்கள். முழு விதிப்புத்தகம் வேண்டாம், சண்டை வரும் இடங்கள் மட்டும். டைஸ் பொம்மைமேல் சாய்ந்து நின்றால் திரும்ப உருட்டவேண்டும். தரையில் விழுந்த டைஸ் செல்லாது. அளப்பது அடித்தட்டின் (பொம்மை நிற்கும் வட்டத் தட்டு) விளிம்பிலிருந்து விளிம்புக்கு. ஆட்டத்துக்கு இடையில் இரண்டு நிமிடத்துக்குள் தீராத தகராறை ஒரு டைஸ் உருட்டி முடித்துவிட்டு மேலே ஆடவேண்டும். புத்தகத்தை ஆட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், அடுத்த முறைக்கு அதுவே விதி.

சுவர் விஷயத்தை ஆட்டத்துக்கு முன்பே தீர்க்கலாம். முதல் டைஸ் உருள்வதற்கு முன் இருவரும் மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு தடுப்பையும் தொட்டுப் பேசிக்கொள்ளுங்கள்: இது இடிந்த கட்டடமா, அதாவது இதற்கு அப்பால் நிற்பவரைச் சுடவே முடியாதா? அல்லது வெறும் மதிலா, உடம்பில் ஏதாவது ஒரு பகுதி தெரிந்தாலே சுடலாமா? ஐந்து நிமிட வேலை. அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருக்கட்டும்: லீக் தொடங்கும் நாளில் என்ன பாயின்ட் பட்டியலோ, முடியும்வரை அதுதான். இந்த விளையாட்டின் புதுப் பதிப்புகள் 2017, 2020, 2023 என்று மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்தன. நடுநடுவே பாயின்ட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அதன் பின்னால் ஓடினால் செலவு தவிர வேறு மிஞ்சாது. ஆட்டம் முடிந்து புத்தகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நீங்கள் போகாதீர்கள். 1824 இல் பிரஷ்ய (அன்றைய ஜெர்மானிய அரசு) ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி உருவாக்கிய போர் ஆட்டத்தில் தனியாக ஒரு நடுவர் உண்டு, அவர் ஆடமாட்டார். உங்களுக்கு அந்த வசதி இல்லை என்பதால் அந்த ஆட்டத்தில் சம்பந்தப்படாத யாரோ ஒருவர் சொல்லட்டும்.

சோடா மூடிக்கு வருவோம். சேர்த்துக்கொள்ளுங்கள். எது எந்த வீரன் என்று மேலே எழுதியிருக்கவேண்டும், அடித்தட்டு அளவு சரியாக இருக்கவேண்டும். வார்ஹேமரின் ‘ஸ்பேஸ் மரீன்’ போன்ற வீரர்களுக்கு 32 மில்லிமீட்டர் வட்டம். அட்டையை அந்த அளவுக்கு வெட்டி மூடிக்கு அடியில் ஒட்டினால் எதிராளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கையில் இருக்கிற எந்தப் பொம்மையை வைத்தும் ஆடலாம் என்கிற ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ போன்ற விதிகளும் உண்டு, அடிப்படை விதிகள் இலவசம். பையன்கள் அதில் பழகிவிட்டு வரட்டும். பெயின்ட் கேட்கிறவரும் பாவம், முழுக்கத் தப்பில்லை. வார்ஹேமர் 40,000 பத்தாம் பதிப்பிலேயே ஓர் ஆட்டத்தின் 100 புள்ளியில் 10 பெயின்ட் அடித்து முடித்த ஆர்மிக்குத்தான். ஆனால் உங்கள் லீக்கில் அந்தப் பத்தை எடுத்துவிடுங்கள். சுற்றுக்கு ஒரு பொம்மை என்ற கணக்கு அந்த வேலையை வலிக்காமல் செய்துவிடும்.

கோத்தகிரியில் பெயின்ட் அடிப்பதற்கு ஒரு எச்சரிக்கை உண்டு. மூட்டம் போட்ட நாளில் ஸ்ப்ரே ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தால் வெள்ளையாகப் பூத்து, பொம்மை மாவில் புரட்டியதுபோல் ஆகிவிடும். வெயில் அடிக்கும் மத்தியானம் பார்த்து அடியுங்கள், இல்லையென்றால் தூரிகையால் பூசும் ப்ரைமர் வாங்குங்கள். யாராவது ரெசின் என்ற திரவத்தை வைத்து 3டி பிரின்டரில் பொம்மை எடுப்பவர் இருந்தால், குளிரில் ரெசின் கெட்டிப்பட்டுப் பிரின்ட் பாழாகும். அறையும் ரெசினும் 20 டிகிரிக்கு மேல் இருக்கவேண்டும். டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலை வெட்டி மலைச்சரிவு செய்தால் நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கரைந்து ஓட்டை விழும். முதலில் ஃபெவிகால் கலந்த எமல்ஷன் ஒரு பூச்சு. வடிகட்டிய டீத்தூளை நன்றாக வறட்டிக் காயவைத்துத் தூவினால் சருகு விழுந்த சோலைத் தரை கிடைக்கும். உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும், அது ஒன்றுதான். லீக் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு எல்லோரும் சேர்ந்து மேசைக்கு மலையும் சுவரும் செய்யுங்கள். யாரும் தோற்காத ஒரு நாள் முதலில் அமைவது நல்லது.

இடத்துக்கு ஒரு யோசனை. டேபிள் டென்னிஸ் மேசை இருக்கும் மன்றமோ பள்ளியோ கிடைத்தால் விடாதீர்கள். வலையைக் கழற்றினால் 9 அடிக்கு 5 அடி. இரண்டு ஆட்டம் தாராளமாக ஓடும், டைஸ் உருட்டவும் டீ டம்ளர் வைக்கவும் நடுவில் இடம் இருக்கும். மாதம் என்று பார்த்தால் ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் முடியுங்கள். ஏப்ரல், மே சீசனில் குன்னூர்க்காரர் உங்கள் ஊர் வந்து சேர்வதே பெரும்பாடு. அக்டோபர், நவம்பரில் உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் மண் சரிந்து சாலைகள் அறுந்ததை வீட்டில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூடலூர்க்காரர் யாராவது சேர்ந்தால் இந்தக் கணக்கு தலைகீழ், அங்கே ஜூன், ஜூலையில்தான் கொட்டும். ஆட்டத்தை முடிக்கும் நேரத்தைக் கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, அதையும் சுவரில் மாட்டிய தாளில் எழுதிவிடுங்கள். மணி ஆனதும் யார் முன்னிலையோ அவருக்கே வெற்றி, பாதியில் நின்றாலும்.

பரிசாகப் பணம் வேண்டாம். ஒரு நல்ல தூரிகை, இரண்டு பெயின்ட் டப்பா போதும். முதலிடத்துக்கு ஒன்று. அதே மதிப்பில் இன்னொன்று, கடைசி நாளன்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ‘யாரோடு திரும்ப ஆட ஆசை?’ என்று ஒரே ஒரு பெயர் எழுதச் சொல்லி, அதிகம் பெயர் வந்தவருக்கு. ஆட்டத்துக்கு ஆட்டம் நன்னடத்தை மதிப்பெண் போடச் சொல்லாதீர்கள். தோற்றவர் கோபத்தில் போடுவார், ஜெயித்தவர் இரக்கத்தில் போடுவார்.

இதெல்லாம் எழுதி ஒட்டுவதற்கு முன்னால், நின்றுபோன அந்த நாலு பேரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம், நேரில். லீக் பேச்சை எடுக்காமல் முதலில் ஒரு சின்ன ஆட்டம் ஆடுங்கள், கில் டீம் அளவில். அப்புறம், போன வருஷம் எந்த இடத்தில் போதும் என்று தோன்றியது என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள். மேலே நான் சொன்னதில் எதை மாற்றவேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்களோ, அதை மாற்றிவிடுங்கள். அதில் இரண்டு பேராவது சரி என்ற பிறகு தேதி குறியுங்கள். முதல் சுற்றில் அவர்களில் யாரையும் அருவங்காட்டு நண்பரோடு மோதவிடாதீர்கள்.