வெற்றிலை மெல்லும் நேரம்

வணக்கம் சார்,

முட்டுக்காடு உப்பங்கழியில் இரண்டு வருடமாக விண்ட்சர்ஃபிங் (பலகையில் நின்று, அதில் பொருத்திய பாய்மரப் பாயைப் பிடித்துக் காற்றில் ஓட்டுவது) பழகுகிறேன். அங்கே நன்றாகவே ஓட்டுவேன். போன ஞாயிறு மதியம் முதன்முறையாகக் கோவளத்தில் கடலில் இறங்கினேன். இருபது நிமிடத்தில் பதினோரு தடவை விழுந்தேன். கடைசி அலை பலகையைத் தூக்கி என் மேலேயே போட்டது. தாடையில் நாலு தையல். 1984-லிருந்து ஒலிம்பிக்கில் இருக்கும் விளையாட்டு, நம் ஊரில் கவனிப்பாரில்லை. 5.5 சதுர மீட்டர் பாயைச் சின்னதாக மாற்றினால் சரியாகுமா? நாற்பத்தொரு வயதில் கடலை ஜெயிக்க ஆசைப்படுவது தப்பா?

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

தையல் பிரிக்கும்வரை தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள். பாயை வேண்டுமானால் மாற்றுங்கள், ஆனால் குற்றம் பாயிடம் இல்லை. ஒலிம்பிக்கை விடுங்கள். நாற்பத்தொன்றெல்லாம் ஒரு வயதா?

'ஜெயிக்க' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கடல் உங்களோடு போட்டிக்கா வந்தது? அது பாட்டுக்கு வந்துபோய்க் கொண்டிருந்தது, நீங்கள்தான் குறுக்கே போய் விழுந்தீர்கள். இறங்கும்முன் கரையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. காரிலிருந்து பலகையை இறக்கி, பாயை மாட்டி, நேரே உள்ளே போயிருப்பீர்கள். சென்னைக்காரர்கள் நாம் எல்லோருமே இப்படித்தான். கடற்கரைக்குப் போவோம், சுண்டல் தின்போம், மணலைத் தட்டிவிட்டுத் திரும்புவோம். கடலைப் பார்த்திருக்க மாட்டோம்.

கல்லூரி நாட்களில் எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்துப் பெரியவர் என்னைக் கட்டுமரத்தில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். விடிகாலை முதல் பஸ் பிடித்துப் போனேன். மரம் தண்ணீர் விளிம்பில் கிடந்தது. அதன்மேல் ஒரு கையை ஊன்றி, வாயில் வெற்றிலையோடு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்தாற்போல வந்து இடிக்கும், அப்புறம் கொஞ்சம் தணியும். (எங்கெங்கோ கிளம்பிய அலைவரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது பெருக்கும், ஒன்றையொன்று தின்னும்போது தணியும். இது நான் பிற்பாடு படித்தது.) 'போலாமா?' என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவை, 'இன்னா தம்பி, ஆபீசுக்கா போறோம்?' என்றார். வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினார். திடீரென்று 'தள்ளு!' தணிவில் புகுந்து, அணியத்தை, அதாவது மரத்தின் முன்முனையை, அலைக்கு நேராக வைத்துத் துடுப்பு வலித்தார். மூச்சு வாங்குவதற்குள் அலையைத் தாண்டியிருந்தோம். கட்டுமரத்தில் இடுப்புக்குக் கீழே நனையாமல் யாரும் போக முடியாது. அன்றைக்கு எனக்கு இடுப்புக்கு மேலே நனையவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும், ஓட்டத் தெரிந்த நண்பர் ஒருவரைக் கேட்டேன். மதியத்தில் கோவளத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு. அலையும் அதே பக்கம். நுரை வந்து பலகையைப் பின்னுக்குத் தள்ளும்போது நீங்களும் காற்றோடு சேர்ந்து நகர்கிறீர்கள், பாய் தொய்ந்துவிடுகிறது. காற்றை நம்பிச் சாய்ந்து நின்றவர் மல்லாந்து விழாமல் என்ன செய்வார்? அந்தப் பலகைக்குச் சுக்கானும் கிடையாது, பாயைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். பாய் தொய்ந்தால் திசையும் போச்சு. பலகை குறுக்கே திரும்பும், அடுத்த அலை அதைத் தூக்கி உங்கள் மேல் போடும். விழுந்தால் பலகைக்கும் கரைக்கும் நடுவே எழுந்து நிற்காதீர்கள் ஐயா. அலை வரும் பக்கமாக எழுங்கள். தாடையோடு போயிற்றே, கண்ணில் பட்டிருந்தால்?

தையல் பிரித்ததும் கோவளம் போங்கள், பலகையை வீட்டிலேயே வைத்துவிட்டு. தணிவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எந்த இடத்தில் அலை உடையாமல் உள்ளே வருகிறது என்று பாருங்கள். பக்கத்தில் யாராவது வலையோடு சும்மா நின்றால் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்.