வாங்கலாமா, வேண்டாமா? இந்த வாரம்: விழாமல் நடக்க

கே: கதவைத் தட்டி உள்ளே வந்த இருவர், "இந்த அதிரும் பலகையில் நின்றால் தடுமாற்றம் போய்விடும்" என்று சொல்லி, 74 வயது அம்மாவிடம் 2,800 வெள்ளிக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அம்மா அழுகிறார். (ஈசூன், சிங்கப்பூர்)

ப: அம்மாவைத் திட்டாதீர்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தை விலைபேசத் தெரிந்தவர்கள் அவர்கள். இவருக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. அழைக்காமல் வீட்டுக்கு வந்து விற்றால், 5 நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் வராது. வாயால் சொல்லாதீர்கள்; எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் (CASE) போங்கள். அப்புறமும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம்.

கே: அப்பாவுக்கு 240 வெள்ளியில் நடைக் காலணி வாங்கினேன். விரல் இடிக்கிறதாம். அவரைக் கடைக்கு அழைத்துப்போகவில்லை. ரசீதும் இல்லை. திருப்பித் தரலாமா?

ப: வாங்க மாட்டார்கள். அளவு தவறியது பொருளின் குறையல்ல, குறையுள்ள பொருளுக்கான லெமன் சட்டமும் கைகொடுக்காது. கால் அவருடையது, அவரில்லாமல் எதற்குக் கடைக்குப் போனீர்கள்?

கே: குளியலறைச் சுவரில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கைப்பிடி, இணையத்தில் 15 வெள்ளி. துளை போட வேண்டாம். நல்லதா?

ப: நானும் இரண்டு வாங்கினேன். ஒன்றில் துண்டு தொங்குகிறது. மற்றது, ஒருநாள் நான் பிடித்து எழும்போது 'ப்ளக்' என்று கையோடு வந்துவிட்டது. கதவுத் தாழ்ப்பாள் எட்டியதால் பிழைத்தேன். சுவர் ஓடுகளுக்கு நடுவிலுள்ள கோடு, சோப்புப் பிசுக்கு, எதன் வழியாகவாவது காற்று நுழைந்தால் போச்சு. மாட்டிய அன்று ஆட்டிப் பார்த்தால் பாறைபோல் நிற்கும்; அதை நம்பித்தான் ஏமாறுகிறோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் குடியுரிமை உள்ள உரிமையாளரும் 65 வயதானவரும் இருந்தால், முதியோருக்கு ஏற்ப வீட்டை மாற்றித்தரும் ஈஸ் (EASE) திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். சுவரில் திருகிப் பொருத்தும் கம்பி, இரண்டு குளியலறை வரை வழுக்காத தரைப் பூச்சு எல்லாம் உண்டு. வீட்டு வகையைப் பொறுத்து 95 விழுக்காடு வரை மானியம். 2012இலிருந்து இருக்கிறது, இன்னும் 15 வெள்ளிப் பிளாஸ்டிக்கையே தேடுகிறோம்! துளை போட்டால் புது ஓடு கெட்டுவிடுமே என்று மருமகன் முகம் சுளிப்பதாக ஒரு பாட்டி எழுதியிருந்தார். அந்த மருமகனை அதே ஓட்டில் சோப்பு நுரையோடு ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள்.

கே: ஊன்றுகோல் வழுக்குகிறது. புதிது வாங்கவா?

ப: தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடிரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து அலுமினியம் எட்டிப் பார்க்கும். ரப்பரை மட்டும் மாற்றலாம், சில வெள்ளிதான். கையைத் தொங்கவிட்டு நின்றால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வரவேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள்.

கே: தடுமாற்றத்துக்கு மாத்திரை?

ப: வேண்டாம். ஏற்கெனவே விழுங்கும் தூக்க மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் பலதுறை மருந்தகத்து மருத்துவரிடம் காட்டுங்கள். தலைசுற்றல் அவற்றாலும் வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: சமநிலைப் பயிற்சி, 20 வகுப்பு, 900 வெள்ளி முன்பணம். கட்டலாமா?

ப: மொத்தமாகக் கட்டாதீர்கள், கடை மூடினால் போச்சு. முதலில் பேட்டையிலுள்ள, மூத்தோருக்கான துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் விசாரியுங்கள். மெல்ல அசைந்து செய்யும் சீனப் பயிற்சியான தைச்சியும் நல்லது. வீட்டில், சோறு வேகும்வரை சமையலறைத் தொட்டி விளிம்பைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். நானும் நிற்கிறேன். பிடியை விட்டால் இடது காலில் இன்னும் ஏழு வினாடிதான்.