கிருமி வந்தால் கரையும் ஜெல்: வாசகர் இருவர் கேட்டவை

கேள்வி: நீரிழிவு உள்ள என் தாயாருக்குக் காலில் ஆறாத புண். மருந்து கட்டப் போகும் ஒவ்வொரு முறையும் காய்ந்த துணி புண்ணோடு ஒட்டிக்கொள்வதால், அதைப் பிரிக்கையில் இரத்தம் கசிகிறது. கிருமி வந்தால் மட்டும் மருந்தை வெளிவிடும் ஐதரோஜெல் உள்ளதாக வாசித்தேன். உண்மையா? அதை இங்கு வாங்கலாமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: நுங்கைத் தோண்டிக் கையில் எடுத்தால், பெரும்பகுதி நீராக இருந்தும் அது ஒழுகிவிடுவதில்லை. ஐதரோஜெல்லும் அத்தகையதே, பல்பகுதியச் சங்கிலிகள் (சிறு மூலக்கூறுகள் தொடராக இணைந்த நீண்ட இழைகள்) பின்னிய வலைக்குள் நீர் சிறைப்பட்டிருக்கிறது. 1960இல் பிராக் நகர ஆய்வாளர்கள் அறிவித்த இவ்வகைப் பொருளே பின்னர் மென் கண்வில்லையாயிற்று. ஈரமாக வைக்கப்பட்ட புண் உலரவிட்ட புண்ணை விட விரைவாகத் தோல் மூடுவதை 1962இல் ஜோர்ஜ் வின்டர் என்னும் ஆய்வாளர் பன்றிகளில் காட்டினார். இன்று விற்பனையிலுள்ள ஐதரோஜெல் கட்டுகள் செய்வது பெரும்பாலும் இந்த ஈரங்காக்கும் வேலையைத்தான். சிலவற்றில் கிருமியைக் கொல்ல வெள்ளியும் சேர்க்கப்பட்டிருக்கும்.

நீங்கள் வாசித்தது இதற்கு அடுத்த படி. கிருமி தன் வசதிக்காகச் செய்யும் வேலையையே ஜெல்லின் பூட்டைத் திறக்கும் சாவியாக்குவது அதன் உத்தி. ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியா, இழையங்களுக்கிடையே பரவுவதற்காக அங்குள்ள ஐயலூரோனிக் அமிலத்தை ஒரு நொதியத்தால் வெட்டுகிறது. அதே அமிலத்தால் பின்னிய ஜெல்லுக்குள் மருந்தை வைத்தால், பற்றீரியா வலையை அறுக்கும் இடத்திலேயே மருந்து வெளிப்படும். ஆனால் அதையொத்த நொதியம் நம் உடலிலும் இருப்பதால், கிருமி இல்லாதபோதும் சிறிது கசியக்கூடும்.

இன்னொரு சாவி அமிலத்தன்மை. நலமான தோலின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 4 முதல் 6 வரை. நாட்பட்ட புண்ணிலோ அது பெரும்பாலும் 7ஐத் தாண்டிக் காரமாகிவிடும். ஆயினும் பற்றீரியாக்கள் பிசின் போன்ற படலமாகத் திரண்டுவிட்டால், புண்ணின் மேற்பரப்பு காரமாக இருக்கையிலேயே படலத்தின் உட்பகுதி அமிலமாக மாறலாம். ஒரே புண்ணில் இரு நிலை இருக்க, எதை நம்பிப் பூட்டைச் செய்வது? இக்கேள்வி தீராமையால்தான், ஆய்வுகூடத் தட்டிலும் எலியிலும் நன்றாக வேலை செய்த பல ஜெல்கள் நோயாளியிடம் வந்து சேரவில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே அம்மாவுக்காக அதைத் தேடி அலைய வேண்டாம். ஒட்டிய துணியை உப்புநீரால் நன்கு நனைத்து ஊறவிட்டுப் பிரிக்கும்படியும், ஒட்டாத கட்டுக்கு மாறலாமா என்றும் மருந்து கட்டும் தாதியிடம் கேளுங்கள். சீனி கட்டுப்பாட்டில் இல்லாமலும், அந்தக் காலில் பாரம் விழுந்துகொண்டும் இருந்தால் எந்த ஜெல்லாலும் பயனில்லை. சிவப்புப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: இறால், நண்டுக் கோதிலிருந்தும் இந்த ஜெல் செய்யலாமாமே. எங்கள் பக்கம் கோது குப்பையாகவே போகிறது. இடித்துப் புண்ணில் போடலாமா?
– வாசகர், பாசையூர்

பதில்: கூடவே கூடாது. கோதிலுள்ள சுண்ணாம்பை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கி, எஞ்சும் கைற்றின் என்னும் பொருளை மீண்டும் கடுங்காரத்தில் சூடாக்கிய பின்னரே, ஜெல் செய்ய உதவும் கைற்றோசான் கிடைக்கிறது. அதன் நேரேற்றம் பற்றீரியாவின் மறையேற்ற மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதால்தான் ஆய்வாளர்கள் அதை விரும்புகின்றனர். இடித்த கோதில் இருப்பதோ சுண்ணாம்பும், அழுகும் புரதமும், புதுக் கிருமிகளும்.