இளையோர் நாவல்களில் நாயகர்களுக்கு வரும் முரண்கள் எத்தனை வகை?

பாடப்புத்தக விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். தனக்குள்ளே நடக்கும் போராட்டம், இன்னொரு ஆளோடு, சமூகத்தோடு, இயற்கையோடு என்று நான்கு வகை சொல்வார்கள். சிலர் விதியையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் ஒப்படைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இது போதும். கதை எழுதும் எண்ணம் இருந்தால் இந்தப் பட்டியலை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பெரியவர்களைப் பற்றிய நாவலில் நாயகனுக்கு வீடு பிடிக்காவிட்டால் கிளம்பிப் போகலாம். வேலையை விடலாம், வழக்குப் போடலாம். பதினாறு வயதுப் பிள்ளையால் இதில் ஒன்றும் முடியாது. எந்தப் பாடம் படிப்பது, எந்த ஊரில் இருப்பது என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அந்த முடிவோடு வாழ வேண்டியது மட்டும் பிள்ளையின் பாடு. இளையோர் நாவல் எந்த வகை முரணில் தொடங்கினாலும் இந்த இடத்துக்கு வந்துதான் சூடு பிடிக்கும்.

எஸ். ஈ. ஹின்டன் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கி 1967 இல் வெளிவந்த 'த அவுட்சைடர்ஸ்' நாவலை எடுங்கள். ஏழைப் பையன்கள் ஒரு கூட்டம், பணக்காரப் பையன்கள் ஒரு கூட்டம், இரண்டுக்கும் அடிதடி. எல்லாரும் அதைத்தான் முரண் என்று எழுதுவார்கள். ஆனால் ஏழைக் கூட்டத்தைச் சேர்ந்த பதினான்கு வயது நாயகன் போனிபாய் வீட்டை விட்டு ஓடுவது எதிர்க்கூட்டத்துக்குப் பயந்து இல்லை. பெற்றோர் இறந்தபின் தம்பிமார் இருவரையும் வளர்க்கும் மூத்த அண்ணன் கன்னத்தில் அறைந்ததால்தான் ஓடுகிறான். அந்த அண்ணன் தன் படிப்பை விட்டு உழைத்துப் போடுகிறவன். அண்ணனுக்குத் தன்மேல் பாசமே இல்லை என்று பையன் நம்புகிறான். என்னை அந்தக் கதைக்குள் இழுத்துப் பிடித்தது இதுதான், தெருச்சண்டை இல்லை.

இந்தக் கேள்வியைக் கண்டதும் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடிப் பக்கம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வாசிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுக்கிறேன். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளை மண்டூர்த் துறையில் வாவியைக் கடக்கும் படகுப்பாதை ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவாள். அவள் ஒரு நெடுங்கதை எழுதினாள். நாயகன் உயர்தரம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கிறவன், கணிதத்தில் கெட்டிக்காரன். எங்கள் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே கல்யாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். கதையில் அவனுடைய அம்மாவின் வீடு மூத்த அக்காவுக்குப் போய்விட்டது. அடுத்த அக்காவுக்குச் சம்பந்தம் பேசி முடிந்தாயிற்று, வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. அப்பாவுக்கு மேசன் வேலை, முதுகு போய்விட்டது. ஒரு மாமா கட்டாரில் இருக்கிறார்.

அந்தக் கதையில் யாரும் அவனைப் பார்த்து "படிப்பை விட்டுவிட்டுப் போ" என்று சொல்லவே இல்லை. அம்மா சீமெந்து விலையை மட்டும் சத்தமாகச் சொல்கிறாள். அக்கா தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அழுகிறாள். அவனுக்குக் கோபம் வருகிறது, கோபப்படுகிறோமே என்று வெட்கமும் வருகிறது. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கும் கடையில் கொலரைச் சரிசெய்யச் சொல்லும்போது அவன் கை நடுங்குகிறது. வாசித்துவிட்டு வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன், "டீச்சர், இது எங்கட அண்ணன்ட கதை" என்றான்.

ஒரு போட்டிக்கு அனுப்பினோம். திரும்பி வந்த குறிப்பில் எதிர்ப்பாத்திரம் இல்லை, முரண் வலுவாக இல்லை, நற்போதனை இல்லை என்று இருந்தது. எந்தப் போட்டி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வில்லன் இருந்தால்தான் முரண் என்று நினைக்கிறவர்கள் பிள்ளைகளின் எழுத்துக்குப் புள்ளி போடக் கூடாது. எல்லாரும் நல்லவர்களாக இருக்கும் வீட்டில் ஒரு பையனின் படிப்பு பறிபோவதை விட வலுவான முரண் எது? அதில் தன்னோடும் சண்டை, குடும்பத்தோடும் சண்டை, வழக்கத்தோடும் சண்டை. எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

சீதனத்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அதெல்லாம் இல்லை. பெண்ணுக்குச் சொந்தமாக வீடு இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன், நானும் அம்மா தந்த வீட்டில்தான் இருக்கிறேன். அதைக் கட்ட யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டு எழுதினால் அது குற்றமா? ஆங்கில நாவல்களை மட்டம் தட்டுவதும் என் நோக்கம் இல்லை.

இயற்கையோடு முரண் என்றதும் எங்கள் பிள்ளைகள் 2004 சுனாமியைத்தான் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். அலையோடு மட்டும் நிறுத்த வேண்டாம் என்பேன். அலைக்குப் பிறகு கடலோர நாவலடியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் திராய்மடுவுக்குக் குடியேற்றப்பட்ட ஒரு மீனவர் வீட்டுப் பையனுக்குக் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கடல் எட்டத்தில், தகப்பனுக்குத் தெரிந்தது கடல் தொழில் மட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கதைப்புத்தகங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் கிழித்துவிடுவார்களாம். மேற்பார்வைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் திறப்பார்கள். பதின்மூன்று வயதுக்கு மேல் வாசிக்க என்று தனியாக ஒரு தட்டுக்கூட அங்கே இல்லை. காக்கா நரிக் கதைகள் அல்லது பெரியவர்களின் நாவல்கள், அவ்வளவுதான். புத்தகம் கிழிந்தால் கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம்.

ஒப்படைக்கு நான்கு வகையையும் எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். கதை என்றால், உங்கள் நாயகனுக்காக யார் முடிவெடுக்கிறார்கள், அவர்கள் அவனை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்ற இரண்டையும் முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள். அந்தப் பிள்ளையின் கதையை இப்போது நாங்களே சிறு நூலாக்கப் பார்க்கிறோம். கிழக்கில் குறைந்த செலவில் அச்சிட்டுக் கொடுப்பவர்களைத் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.