ஆள் வருகிறார்கள், தங்கவில்லை என்றால்...

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் பாத்திரமாகவே பேசி ஆடும் குழுவுக்கு ஆள் கேட்டதாகவும், வந்தவர்கள் இரண்டாம் அமர்விலேயே ‘சண்டை எப்போது?’ என்று கேட்டுக் கழன்றுகொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் அழைப்பைப் படித்தேன். அதில் உங்கள் கதை நடக்கும் கற்பனை உலகத்தின் ஆயிரம் வருட வரலாறு இருக்கிறது, ஆட்டம் எப்படி இருக்கும் என்பதுதான் இல்லை. மூன்று மணி நேரத்தில் பகடை நாலைந்து முறைதான் உருளும், சில வாரம் வாளே உருவ மாட்டோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அங்கேயே விலகுவார்கள், நல்லதுதான்.

அப்புறம், அனுபவம் உண்டா என்று கேட்காதீர்கள். ‘உங்கள் பாத்திரம் யாரிடம் பொய் சொல்லியிருக்கிறது?’ என்று கேளுங்கள். ‘என் பூசாரிப் பாத்திரமான கிளெரிக் இறந்துபோன தம்பி பெயரில் அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்’ என்று எனக்கு ஒருவர் பதில் போட்டார், அதுவரை இருபது முகப் பகடையைத் தொட்டதே இல்லை, இன்று என் மேசைக்கே அவர்தான் தூண்.

நாலு பேர் போதும். ஆறு பேர் ஆனால் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். ஆட்டம் தொடங்குமுன் செஷன் ஜீரோ, அதாவது எல்லோரும் கூடி ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் முன் அமர்வு, கட்டாயம் வையுங்கள், அதிலேயே ஒரு சத்திரக் காட்சியை இருபது நிமிடம் ஆடிப் பாருங்கள், யார் அடுத்தவரைப் பேச விடுகிறார் என்பது தெரிந்துவிடும்.